வரிசையில் நிற்கிற விசுவாசி



இந்த மாதம் நாம் தியானிக்கப்போகிற காரியம் கார் புக்கிங். "என்ன பாஸ்டர், எழுப்புதல் பத்திரிகையில் கார் புக்கிங்கா?" என்று சிலர் கேட்பீர்கள். நம் சபையில் ஜெபக்குறிப்புப் பெட்டியைத் திறந்தால் வியாதிக்காக, வேலைக்காக, பிள்ளைகளின் கல்யாணத்துக்காக எழுதின சீட்டுகளோடு, "புக் பண்ணின வண்டி சீக்கிரம் டெலிவரி ஆக ஜெபியுங்கள்" என்கிற சீட்டும் கிடக்கிறது. ஜனங்கள் ஒரு காரியத்துக்காக இராத்தூக்கம் கெட்டு ஏங்குகிறார்கள் என்றால், அதைக் குறித்து வேதம் என்ன சொல்லுகிறது என்று காட்டவேண்டியது ஊழியக்காரனுடைய கடமை அல்லவா?

வேதத்தில் வண்டி வியாபாரம் இல்லை என்று நினைக்காதேயுங்கள். 1 இராஜாக்கள் 10-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைத் திறந்து பாருங்கள். சாலொமோன் ராஜாவின் வியாபாரிகள் எகிப்திலிருந்து இரதங்களையும் குதிரைகளையும் வரவழைத்தார்கள். ஒரு இரதத்தின் விலை 600 வெள்ளிக்காசு, ஒரு குதிரையின் விலை 150 வெள்ளிக்காசு. ஏத்தியரின் ராஜாக்களுக்கும் சீரியாவின் ராஜாக்களுக்கும்கூட இவர்கள் மூலமாகவே போயிற்று. இன்றைய பாஷையில் சொன்னால், இறக்குமதி மாடல், டீலர், விலைப்பட்டியல் எல்லாம் அங்கே இருக்கிறது. சாலொமோனிடத்தில் 1,400 இரதங்கள் இருந்தன. ஆனால் உபாகமம் 17-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் ராஜாவுக்கு முன்பாகவே எச்சரிப்புக் கொடுத்திருந்தார்: குதிரைகளைப் பெருக்காதே, அதற்காக ஜனங்களை எகிப்துக்குத் திரும்ப அனுப்பாதே. அடுத்த அதிகாரத்தில் அவன் இருதயம் எங்கே போயிற்று என்று நமக்குத் தெரியும். இரதம் பாவமல்ல பிரியமானவர்களே. அதை வாங்கப் போகிற வழியில் இருதயம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

நம் தேசத்தில் இந்த ஏக்கம் புதிதல்ல. 1983-ஆம் ஆண்டு மாருதி 800-க்குப் புக்கிங் திறந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் கட்டினார்கள். யாருக்கு முதலில் என்று குலுக்கல் போட்டார்கள். அந்த வருஷம் டிசம்பர் 14-ஆம் தேதி டில்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங் என்பவர் பிரதமர் இந்திரா காந்தியின் கையிலிருந்து முதல் சாவியை வாங்கினார். 2009-இல் டாட்டா நானோவுக்கு 2 லட்சத்துக்கு மேல் புக்கிங் வந்தது. முதல் 1 லட்சம் பேரைக் கம்ப்யூட்டர் குலுக்கலில் தெரிந்தெடுத்தார்கள். 2022 ஜூலை 30-ஆம் தேதி மகிந்திரா ஸ்கார்ப்பியோ-என் வண்டிக்குப் புக்கிங் திறந்தபோது அரை மணி நேரத்துக்குள் 1 லட்சம் பேர் பதிவு செய்துவிட்டார்கள். சபைக்கு வர 10 மணி ஆகிறது, புக்கிங்குக்கு மட்டும் ஒரு நிமிஷம் பிந்துகிறதில்லை! சிரிக்காதேயுங்கள், யோசித்துப் பாருங்கள்.

காத்திருக்கிற தேவபிள்ளைகள் கவனிக்கவேண்டிய நான்கு காரியங்களைச் சொல்லுகிறேன்.

1. காத்திருப்பு உன் இருதயத்தைக் கெடுக்க விடாதே

நம்பினது தாமதமானால் இருதயம் நோய்கொள்ளும் என்று நீதிமொழிகள் 13-ஆம் அதிகாரம் ஒப்புக்கொள்ளுகிறது. ஆகவே சோர்ந்துபோகிறவனை நான் கடிந்துகொள்ளுகிறதில்லை. ஆனால் தாமதம் ஏன் என்று தெரிந்தால் பாதிச் சோர்வு போய்விடும். 2020-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து சுமார் இரண்டு வருஷங்கள் உலகமெங்கும் செமிகண்டக்டர் சிப் பற்றாக்குறை இருந்தது. நகத்தளவு சிப் வராமல் முழு வண்டிகள் ஃபேக்டரியில் முடியாமல் நின்றன. பற்றாக்குறை தீர்ந்த பின்பும் புது மாடல் வந்தால் வரிசை நிற்கத்தான் செய்கிறது. எல்லாரும் டாப் மாடலையும் ஒரே கலரையும் கேட்டால், அந்த வேரியண்ட்டுக்கு மாதங்கள் கூடும். கீழ் வேரியண்ட் அதற்கு முன்னே கிடைத்துவிடும். சிலர், "விசுவாசத்தில் கலரைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன் பாஸ்டர், மாற்றமாட்டேன்" என்கிறார்கள். தம்பி, கர்த்தர் உனக்கு வாக்குப் பண்ணினது கலரை அல்ல. இரண்டு வேரியண்ட், இரண்டு கலர் மனதில் வைத்துக்கொண்டு போ. அது அவிசுவாசம் அல்ல, புத்தி.

2. வரிசையைத் தாண்டாதே

நம் சபைச் சகோதரர் ஒருவர் ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்றைப் புக் பண்ணினார். அவருடைய அம்மாவுக்குப் பக்கவாதம். வீல் சேரைப் பின்னால் வைத்து, அம்மாவைப் படுத்தவாக்கில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இடம் வேண்டும். ஆடம்பரத்துக்காக அல்ல. 9 மாதம் ஆகியும் வண்டி வரவில்லை. ஒருநாள் ஷோரூமிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, "சார், உங்கள் வேரியண்ட் ஒன்று ஸ்டாக்கில் வந்திருக்கிறது. 60,000 கேஷாகக் கொடுத்தால் இந்த வாரமே எடுத்துக்கலாம். ரசீது மட்டும் வராது" என்றார்.

சகோதரர் அன்று இராத்திரி என் வீட்டுக்கு வந்தார். "பாஸ்டர், இது கர்த்தர் திறந்த வாசல்தானே? அம்மாவுக்காகத்தானே கேட்கிறேன்?" என்றார். அவர் கண்ணில் தண்ணீர். நான் உடனே பதில் சொல்லவில்லை. முழங்கால்படியிட்டோம். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "பிரதர், அந்த வண்டி யாருடையது? உங்களுக்கு முன்னே புக் பண்ணினவர் ஒருவர் இருப்பார் அல்லவா? அவர் வீட்டிலும் ஒரு அம்மா இருக்கலாமே?"

யாராவது கேன்சல் பண்ணி, முறைப்படி அடுத்த நம்பருக்கு வந்த வண்டியானால் தாராளமாக வாங்கலாம். அதற்கு ரசீதும் வரும். ரசீது வராத பணம் எதற்காக வாங்கப்படுகிறது? வேறொருவருடைய இடத்தை விற்பதற்காகத்தானே? 2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரத்தில் கேயாசியைப் பாருங்கள். எலிசா வேண்டாமென்று விட்டதை வாங்க, நாகமானுடைய இரதத்துக்குப் பின்னாலேயே ஓடினான். ஒரு பொய் சொல்லி இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்றுவஸ்திரமும் வாங்கி, வீட்டில் ஒளித்துவைத்தான். வெள்ளி வந்தது, குஷ்டமும் சேர்ந்து வந்தது. இரதத்துக்குப் பின்னால் ஓடுகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

சகோதரர் மறுநாள் போய், "ரசீது கொடுத்தால் வாங்குகிறேன், இல்லாவிட்டால் என் நம்பர் வரட்டும்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு என்ன நடந்தது? அடுத்த வாரமே அற்புதமாக வண்டி வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் சாட்சியில் பொய் கலக்கக்கூடாது. இன்னும் 5 மாதம் ஆனது. அதற்குள் விலை கூடிவிட்டது. அந்தக் கூடுதல் பணத்தையும் அவரே கட்டினார். அந்த 5 மாதமும் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சபை வாலிபர்கள் முறை போட்டுக்கொண்டு வாடகை வண்டியோடு போனார்கள், அம்மாவைத் தூக்கி வைத்தார்கள், தூக்கி இறக்கினார்கள். "என் பிள்ளைக்கு ஒரு வண்டி வரவில்லை என்று அழுதேன் பாஸ்டர், எனக்குப் பத்துப் பிள்ளைகளைக் கர்த்தர் கொடுத்தார்" என்று அந்தத் தாயார் குழறின வாயால் சொன்னதை நான் கேட்டேன். வண்டியும் வந்தது. அதில் அந்தத் தாயார் உட்கார்ந்தும் போகிறார்கள். கர்த்தருக்கே மகிமை உண்டாவதாக!

3. உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்

கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவேண்டும் என்று லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே சொன்னார். வண்டிக்கும் அது பொருந்தும். எக்ஸ்-ஷோரூம் விலையைப் பார்த்துச் சந்தோஷப்படாதே. சாலை வரி, பதிவுக் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலையை எழுத்தில் வாங்கு. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டியானால் 1 சதவீதம் டி.சி.எஸ். என்று வாங்குவார்கள், அதை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். புக்கிங் நாளின் விலை அல்ல, டெலிவரி நாளின் விலைதான் பெரும்பாலும் செல்லும். அதையும் மனதில் வைத்துக்கொள்.

"இன்சூரன்ஸ் எங்களிடம்தான் எடுக்கணும், இத்தனை ஆயிரத்துக்கு ஆக்சஸரீஸ் வாங்கினால்தான் வண்டி" என்று சொன்னால் பயப்படாதே. இன்சூரன்ஸை வெளியே எடுக்க உனக்கு உரிமை உண்டு. வேண்டாத மேட்டையும் சீட் கவரையும் வாங்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சாந்தமாய், ஆனால் உறுதியாய்ப் பேசு. கேன்சல் பண்ணினால் பணம் முழுவதும் திரும்புமா என்று புக்கிங் ரசீதிலேயே பார்த்துக்கொள். இன்வாய்ஸ் போடுவதற்கு முன்பே சேஸிஸ் நம்பரைக் கேட்டு, வண்டி எந்த மாதம், எந்த வருஷம் தயாரானது என்று பார். முழுப் பணத்தையும் கட்டுமுன் வண்டியைப் பகல் வெளிச்சத்தில் சுற்றிப் பார். புறாவைப்போலக் கபடற்றவனாய் இருக்கச் சொன்ன ஆண்டவர், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாதத் தவணையைக் கட்டுவதற்காகப் பிள்ளையின் ஃபீஸையும் வயதான பெற்றோரின் மருந்துச் செலவையும் குறைக்கவேண்டியிருந்தால், அந்த வண்டி உனக்கு இன்னும் வேளை வராத வண்டி. கடன் வாங்குகிறவன் கொடுத்தவனுக்கு அடிமை என்பது சாலொமோனின் அனுபவ வார்த்தை.

4. வாங்குகிறவனும் நேர்மையாய் இரு

டீலரை மாத்திரம் குற்றஞ்சொல்லி முடித்துவிடக்கூடாது. வாங்கும்போது, "நல்லாயில்லை, நல்லாயில்லை" என்று பேரம் பேசி, வாங்கின பின் வெளியே போய்ப் பெருமையடிக்கிறவனைக் குறித்து நீதிமொழிகள் 20-ஆம் அதிகாரம் பேசுகிறது. நான்கு டீலர்களிடம் நான்கு பெயரில் புக் பண்ணி, முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு மற்ற மூன்றையும் டெலிவரி நேரத்தில் கேன்சல் பண்ணுகிற விசுவாசிகள் இருக்கிறார்கள். வண்டி வேண்டாமலே புக் பண்ணி, நம்பர் வந்ததும் பிரீமியம் வைத்து விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஸ்கூட்டர் அலாட்மெண்டை விற்றார்கள், இப்போது இதை விற்கிறார்கள். இன்னொருவனுடைய காத்திருப்பைக் காசாக்குகிற வியாபாரம் தேவபிள்ளைக்குத் தகாது.

இன்னொரு வார்த்தை. ஷோரூமில் டை கட்டி நிற்கிற பையனிடம் கத்தாதேயுங்கள். வண்டி வராததற்கு அவன் காரணமல்ல. ஃபேக்டரியில் எத்தனை வண்டி ஓடுகிறது என்று தீர்மானிக்கிறவன் அவன் அல்ல. மாத டார்கெட்டுக்குப் பயந்து நிற்கிறவன், ஒரு தாயின் பிள்ளை. நீ ஞாயிற்றுக்கிழமை அந்நியபாஷையில் பேசி, திங்கட்கிழமை அவனிடம் கெட்ட பாஷையில் பேசினால், அவன் உன் வண்டியில் ஒட்டப்போகிற வசன ஸ்டிக்கரை எப்படி வாசிப்பான்?

பிரியமானவர்களே, கடைசியாக ஒன்று. கிழக்கு ஜெர்மனியில் டிராபண்ட் என்று ஒரு சிறிய கார் இருந்தது. அதற்காக ஜனங்கள் பத்து வருஷத்துக்கும் மேல் காத்திருந்தார்கள். புது வண்டியைவிட ஓடின பழைய வண்டிக்கு விலை அதிகம், ஏனென்றால் அது உடனே கிடைக்கும். 1989-இல் பெர்லின் சுவர் விழுந்தது. அதே டிராபண்டைப் பலர் தெருவோரத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். நம் ஹர்பால் சிங் தம்முடைய மாருதியை 2010-இல் தாம் மரிக்கும்வரைக்கும் வைத்திருந்தார். பிற்பாடு லட்சம் பேர் ஏங்கின அந்த வண்டி டில்லியில் வீட்டு முன்பாகத் துருப்பிடித்து நின்றது. கம்பெனி அதை எடுத்துப் புதுப்பித்துக் காட்சிக்கு வைத்தது. துருப்பிடிக்காத பொக்கிஷத்தைக் குறித்து ஆண்டவர் சொன்னது நினைவுக்கு வருகிறதல்லவா?

அப்போஸ்தலர் 8-ஆம் அதிகாரத்தில் ஒரு எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் போனான். அந்த இரதத்தின் விலை என்ன, எந்த மாடல் என்று வேதம் சொல்லவில்லை. அதில் ஏசாயாவின் புஸ்தகம் திறந்திருந்தது, வழியில் நடந்துவந்த பிலிப்புவுக்கு அதில் ஒரு இடம் கிடைத்தது, தண்ணீர் கண்ட இடத்தில் அது நின்றது. இவ்வளவுதான் எழுதப்பட்டிருக்கிறது. உன் வண்டியைக் குறித்து என்ன எழுதப்படும்? நடந்துபோகிற ஒருவருக்கு அதில் இடம் இருக்குமா? சபைக்கு வரமுடியாத ஒரு பாட்டியம்மாவுக்காக அது ஒரு தெரு சுற்றிப் போகுமா?

ஜெபிப்போம். அன்பின் பரலோக பிதாவே, காத்திருக்கிற உம்முடைய பிள்ளைகளுக்குப் பொறுமையைத் தாரும். தேவையுள்ள வீட்டுக்கு ஏற்ற வேளையில் வண்டியைத் தாரும். அதுவரைக்கும் கைகளைச் சுத்தமாய்க் காத்துக்கொள்ளும். வந்த பின்போ, கதவைத் திறந்து மற்றவனை ஏற்றிக்கொள்ளுகிற மனதைத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபங்கேளும் பிதாவே. ஆமென்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக!