தையலைப் பிரிக்கலாம், வெட்டை?

புனித அன்னம்மாளின் பெயர் வேதாகமத்தில் ஓரிடத்திலும் இல்லை. கன்னிமரியாளின் தாயார் அவர் என்பது, இரண்டாம் நூற்றாண்டு முதலே திருச்சபையில் வழங்கிவரும் மரபு. ஆயினும் விசுவாசிகள் அவரைத் தூரத்தில் நிறுத்தி வைக்கவில்லை. ஊசி பிடிக்கும் பெண்களும், றேந்தை பின்னுவோரும் அவரைத் தங்கள் பாதுகாவலியாகக் கொண்டனர். பிரான்சு நாட்டின் பிறிற்றனிக் கரையிலே கடலோடிகளும் அவரையே நாடினர். நம் நாட்டில் அவருடைய பெருந் திருத்தலம் கற்பிட்டிக் குடாநாட்டின் கடலோரத்தில், தலவில என்னும் ஊரில் அமைந்திருப்பது எவ்வளவு பொருத்தம்! மார்ச் மாதத்திலும், யூலை-ஓகஸ்ட் காலத்திலும் நடைபெறும் இரு திருவிழாக்களுக்கும் தமிழரும் சிங்களவரும் குடும்பம் குடும்பமாக அங்கே வந்து, வாடிகளிலும் மரநிழலிலும் தங்கிச் செபிக்கின்றனர்.

அந்தக் கரையிலே இரண்டு ஊசிகள் ஓடுகின்றன. ஒன்று துணி தைக்கும் ஊசி. மற்றது வலை பொத்தும் ஊசி. இரண்டையும் பிடித்தவர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு கேள்வி உண்டு: பிழையாய்ப் போனதை என்ன செய்வது? கேட்பதற்கு இது கைவேலைக் கேள்வி. ஆனால் நம் ஆன்ம வாழ்வின் பெருங் கேள்வியும் இதுவேயன்றோ?

பழைய சேலை, சாரம், சட்டை ஆகியவற்றில் நைந்து போகாத பாகங்களை வெட்டியெடுத்து, துண்டோடு துண்டு பொருத்தி, அடுக்காக வைத்து, குறுக்கும் நெடுக்கும் நூலோட்டித் தைக்கும் ஒட்டுப் போர்வையை எடுத்துக்கொள்வோம். இந்த வேலையில் நேரும் பிழைகள் எல்லாம் ஒரே தரமானவை அல்ல. கோணலாக ஓடிய தையல் ஒன்று; அது கண்ணுக்குத்தான் குறை, போர்வைக்குக் கேடில்லை. ஓரத்தைச் சரியாகப் பிடிக்காத தையல் இன்னொன்று. அது இன்று நன்றாகத் தோன்றும், நாலாம் தடவை கழுவும்போது வாய் பிளக்கும். மூன்றாவது, அளவு தவறி வெட்டிவிட்ட துணி. முதலாவதை விட்டுவிடலாம். இரண்டாவதைப் பிரித்துத் தைக்கவேண்டும். மூன்றாவதைப் பிரிக்கவும் முடியாது; ஏனெனில் தையலைப் பிரிக்கலாம், வெட்டைப் பிரிக்க முடியாது. எந்தப் பிழை எந்த வகை என்று அறிவதே கைதேர்ந்தவளின் திறமை. ஆன்ம காரியங்களில் அதற்கு விவேகம் என்று பெயர்.

முதல் தையல்

ஆதியாகமத்தைத் திறந்து பாருங்கள். மனிதன் செய்த முதல் தையல் வேலை அங்கே சொல்லப்படுகிறது. ஆதாமும் ஏவாளும் விலக்கப்பட்ட கனியை உண்டபின் அத்தி இலைகளைத் தைத்துத் தங்களை மூடிக்கொண்டார்கள். ஆக, வேதாகமத்தின் முதல் தையலே குற்றத்தை மறைக்கப் போட்ட தையல்! அது அவர்களுக்கு உதவவில்லை. ஆண்டவரின் காலடி ஓசை கேட்டதும் மரங்களுக்கிடையே ஓடி ஒளிந்தார்கள். இலை வாடும், உதிரும். மறைப்பவன் தினமும் புது இலை தேடவேண்டியவனாகிறான்.

ஆனால் அதே அதிகாரத்தின் முடிவில் இன்னுமோர் உடை வருகிறது. கடவுளே அவர்களுக்குத் தோலாடை செய்து உடுத்துகிறார். எப்போது? "நீ எங்கே இருக்கிறாய்?" என்று விசாரித்து, நடந்ததை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, அதன் விளைவையும் எடுத்துரைத்த பின்னரே. கடவுள் நம்மை மூடுகிறார், உண்மைதான். ஆனால் உண்மை வெளிப்பட்ட பிறகு மூடுகிறார். மன்னிப்புக்கும் மூடிமறைப்புக்கும் உள்ள வேறுபாடு இதுவே. வீட்டிலும், பங்கிலும், சபைகளிலும் "குடும்ப மானம்", "கோயில் மானம்" என்று சொல்லி நாம் அத்தி இலை தைத்த காலங்கள் எத்தனை! பிடிப்பில்லாத தையலுக்கு மேலே அழகான பூ வேலை செய்தால், பிளவு நின்றுவிடுமா?

பிரிக்கும் முறை

தவறிய தையலைப் பிரிப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஆத்திரத்தோடு இரண்டு துணிகளையும் பிடித்து இழுப்பவள் துணியைத்தான் கிழிப்பாள். மெசின் தையலானால், ஒரு பக்கத்தில் மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக நூலை அறுத்து வந்து, மறுபக்கத்து நூலை மெல்ல இழுத்தால், தையல் தானாகக் கழன்று வரும். துணியில் ஊசித் துவாரங்கள் சிறிது காலம் தெரியும். கழுவக் கழுவ அவையும் அடங்கிவிடும்.

நல்ல பாவசங்கீர்த்தனமும் இப்படிப்பட்டதே. ஆத்தும சோதனை செய்து, பிழை எங்கே தொடங்கியது என்று கண்டு, ஒவ்வொன்றாக அறுத்து எடுக்கிறோம். பாவப் பொறுத்தல் கிடைத்த பின்னும் பரிகாரம் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. பிரித்துவிட்டால் மாத்திரம் போர்வை ஆகிவிடாது. மறுபடி சரியாகத் தைக்கவும் வேண்டும். ஆண்டவரைத் தன் வீட்டில் ஏற்ற சக்கேயு, மனம் வருந்துகிறேன் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். அது அவன் மறுபடி போட்ட தையல்.

பிறருடைய பிழையைத் திருத்துவோர் இன்னுமொன்றை அறியவேண்டும். பழந்துணியைத் தைக்கும் நூல் துணியிலும் வலியதாய் இருத்தல் ஆகாது. வலை கட்டும் நைலோன் நூலால் நைந்த சேலையைத் தைத்துப் பாருங்கள். நூல் அறாது, துணி அறும். நம் ஆண்டவரும் இதை ஒத்த ஓர் உவமை சொன்னார். கோடித் துணியைப் பழைய ஆடையில் ஒட்டுப் போட்டால், ஒட்டு சுருங்கிக் கிழிசலைப் பெரிதாக்கும் என்று மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பழைய நோன்பு முறைக்குள் தமது புதுமையை அடக்க முடியாது என்பதே அங்கே அவர் உணர்த்தியது. ஆயினும் தையல் தெரிந்த வீட்டில் வளர்ந்தவரின் பேச்சு அது என்பதை எந்தத் தாயும் உணர்வாள். நல்ல திருத்தமே ஆனாலும், வாங்குகிறவனின் பலம் பார்த்துக் கொடுக்காவிட்டால், கிழிசல் பெரிதாகிவிடும். குடித்துவிட்டு வந்த மகனை ஊரார் முன்னிலையில் அவமானப்படுத்திய தந்தை சொன்னது முழுதும் நியாயமாய் இருக்கலாம். ஆனால் மகன் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டானே!

வலை பொத்துவோர்

இப்போது மற்ற ஊசிக்கு வருவோம். செபதேயுவின் மக்களான யாகப்பரும் அருளப்பரும் அழைக்கப்பட்டபோது, படகில் இருந்து வலைகளைச் சீர்படுத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே கிரேக்க மூலத்தில் வரும் அதே வினைச்சொல்லைப் புனித சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தில் கையாளுகிறார். ஒருவன் குற்றத்தில் அகப்பட்டுவிட்டால், சாந்த மனத்தோடு அவனைச் சீர்ப்படுத்துங்கள் என்பது அவர் புத்திமதியின் சாரம். தவறியவனை வலையைப் பொத்துவதுபோலப் பொத்தவேண்டும். அறுந்த வலை என்று கடலில் வீசிவிடக் கூடாது.

வலை பொத்துவோர் முதலில் செய்வது என்ன? பார்ப்பவனுக்கு அது விநோதமாகத் தோன்றும். கிழிந்த ஓட்டையை இன்னும் பெரிதாக்குகிறார்கள்! பிசிரான நூல்களை வெட்டி நீக்கி, உறுதியான முடிச்சு கிடைக்கும்வரை போய், அங்கிருந்துதான் புதுக் கண்களைக் கட்டத் தொடங்குகிறார்கள். பலமற்ற நூலில் முடிச்சுப் போட்டால் முதல் பாட்டிலேயே மறுபடி அறுந்துவிடும். உண்மையைப் பேசும்போது காயம் சற்றுப் பெரிதாகத்தான் தோன்றும். அதற்குப் பயந்து பலர் பிசிரிலேயே முடிச்சுப் போட்டுவிட்டு, சமாதானமாகிவிட்டது என்கிறார்கள்.

எல்லாவற்றையும் பிரிப்பவர்

மறுகோடியில் நிற்போரும் உண்டு. ஒவ்வொரு தையலையும் பிரித்துப் பிரித்துத் தைப்பவளின் துணி, ஊசி பட்டுப் பட்டே நைந்துவிடும். புனித லொயோலா இஞ்ஞாசியார் 1522இல் மன்ரேசாவில் இருந்த காலத்தில், அறிக்கையிட்ட பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டு, அமைதி காணாமல் தவித்தார் என்பதை அவர் வரலாற்றில் காண்கிறோம். அந்தச் சஞ்சலம் தேவனிடமிருந்து வரவில்லை என்று கண்டுகொண்ட பிறகே அவர் விடுதலை பெற்றார். கோணல் தையல் சிலவற்றை விட்டுவிடுவதும் தாழ்ச்சியே.

அமெரிக்காவின் ஆமிஷ் மக்கள், கடவுள் ஒருவரே குறையற்றவர் என்று காட்டுவதற்காகத் தங்கள் போர்வைகளில் வேண்டுமென்றே ஒரு பிழை விடுவார்கள் என்று ஒரு கதை உலாவுகிறது. போர்வை வரலாற்றை ஆராய்ந்தோர் இதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்கின்றனர். அப்படியொன்று இருந்தாலும், அது தாழ்ச்சியாகுமா? நான் விரும்பினால் பிழையின்றித் தைத்திருப்பேன் என்றல்லவா அது சொல்கிறது? பிழையை நாம் அழைக்கவேண்டியதில்லை. அழையாமலே வரும்.

வெட்டியது

மிகக் கடினமான கேள்வி இனித்தான் வருகிறது. பிரித்துத் தைக்க முடியாதபடி வெட்டிப் போட்டதை என்ன செய்வது?

தலவிலக் கரையை அறிந்தவர்கள் 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தை மறந்திருக்க மாட்டார்கள். விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் முஸ்லிம் மக்கள் அனைவரையும் வெளியேறுமாறு கட்டளையிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் வெறும் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினர். பல்லாயிரம் பேர் புத்தளம் மாவட்டத்தின் முகாம்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். அன்று கைக்குழந்தையாய் வந்தவர்கள் இன்று பிள்ளைகளைப் பெற்ற பெரியவர்கள். சென்ற காலத்தை அவர்களுக்கு யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. இது தையல் அல்ல, வெட்டு.

"அதைச் செய்தவர்கள் நாங்கள் அல்லவே" என்று தமிழராகிய நாம் சொல்லலாம். பலருக்கு அது உண்மையே. நாமும் 1983 யூலையிலும், அதற்கு முன்னும் பின்னும் வெட்டுண்டவர்கள் என்றும் சொல்லலாம். அதுவும் உண்மையே. ஆனால் நம் துணியில் விழுந்த கிழிசல், அயலவன் துணியில் விழுந்த கிழிசலைத் தைத்துவிடுமா? நமக்கு இழைக்கப்பட்டதை மற்றவர் ஒப்புக்கொள்ளவேண்டும் என்று கேட்கிற நாம், நம் பெயரால் இழைக்கப்பட்டதைச் சொல்ல மட்டும் தயங்குவது அத்தி இலையன்றி வேறென்ன?

துணி குறைவாக வெட்டுப்பட்டுவிட்டால் தைப்பவள் செய்வது ஒன்றுதான். இடையில் வேறொரு துண்டைச் சேர்த்து, மாதிரியையே மாற்றித் தைக்கிறாள். பழைய மாதிரி கிடைக்காது. ஒட்டுப் போட்ட இடம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் போர்வை மூடும், குளிர் காக்கும். திரும்பி வந்தவனுக்குக் காணி எல்லையில் வழக்கின்றி இடம் விடுவதும், அவன் பிள்ளைக்குப் பள்ளியில் சமமான வாங்கு கொடுப்பதும், நடந்ததை நம் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்வதும் அப்படிப்பட்ட ஒட்டுக்கள். ஒட்டுத் தெரிவதற்கு வெட்கப்பட வேண்டாம். உயிர்த்த ஆண்டவரே தம் காயத் தழும்புகளை மறைக்கவில்லையே!

கற்றுக்கொள்ளுதல்

திருத்துவது பாதி, கற்றுக்கொள்வது மறுபாதி. ஓரம் பிடிக்கும் அளவில் ஒரு மில்லிமீற்றர் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தைக்கும் இரண்டு துண்டிலும் ஒவ்வொரு மில்லிமீற்றர் குறையும். பத்துத் துண்டுகள் உள்ள வரிசையில் ஒன்பது தையல். முடிவில் வரிசை 18 மில்லிமீற்றர் குறைந்து, அடுத்த வரிசையோடு சேராமல் நிற்கும். எந்தத் தையலும் தனியே பார்த்தால் குற்றமுள்ளதாகத் தோன்றாது! அற்பப் பாவம் என்று நாம் அலட்சியம் செய்வனவும் இப்படியே கூடுகின்றன. ஆகவேதான் அனுபவமுள்ளவள் முதல் வரிசை முடிந்தவுடன் அளந்து பார்க்கிறாள். இராச் செபத்தோடு ஆத்தும சோதனை செய்யும் வழக்கமும் அந்த அளவுகோலே. பதறாத காரியம் சிதறாது.

கருநாடக மாநிலத்தின் வட கன்னட மாவட்டத்தில் சித்தி எனப்படும் ஆபிரிக்க வம்சத்தவர் வாழ்கின்றனர். நம் புத்தளத்துச் சிரம்பையடி மக்களைப்போல அவர்களுள்ளும் கத்தோலிக்கர் உண்டு. சித்திப் பெண்கள் பழந்துணிகளால் செய்யும் போர்வைக்குக் கவண்டி என்று பெயர். அவர்கள் ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்துச் சுற்றிச் சுற்றித் தைத்து, நடுவில் வந்து முடிப்பார்கள். ஒரு துண்டு கோணலாய்ப் போனால், அடுத்த துண்டை அதற்கேற்ப வைப்பார்கள். மூலைகளில் பூ என்று சொல்லும் சிறு மடிப்புக்களை வைத்துத் தைத்தால்தான் அது நிறைவு பெறும். நேற்றைய பிழை இன்றைய துண்டுக்கு இடம் காட்டுகிறது.

ஆகையால், அன்பர்களே, நம் கையில் இருக்கும் துணியைக் கூச்சமின்றி விரித்துப் பார்ப்போம். கண்ணுக்கு மட்டும் குறையானதை விட்டுவிடுவோம். பிளக்கப் போவதைப் பொறுமையோடு பிரித்துத் தைப்போம். வெட்டுண்டதற்குத் துண்டு தேடுவோம். எதையும் இலையால் மூடாதிருப்போம். அந்தத் துணிவையும் பொறுமையையும் புனித அன்னம்மாள் நமக்குப் பெற்றுத் தருவாராக.