சவ்வு: கண்டதா, கருதியதா?

தருமபுரி மாவட்டத்து வீடுகளில் வளரும் நாட்டுக்கோழியின் இறக்கை நரம்பிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் மெலிதாக இழுத்துச் சாயமிட்டால், நுண்ணோக்கியில் நீள்வட்டச் சிவப்பணுக்கள் தெரியும். நடுவில் கருஊதா நிற உட்கரு இருக்கும். மனிதரின் முதிர்ந்த சிவப்பணுவில் அது கிடையாது. அணுவின் நீளம் சுமார் 12 மைக்ரோமீட்டர். விளிம்பும் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் தெரிவது சவ்வு அன்று. சவ்வின் தடிமன் 7, 8 நானோமீட்டர்தான். ஒளி நுண்ணோக்கியால் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்ட முடியாது. அப்படியானால் சவ்வு உண்டு என்ற அறிவு எந்த அளவையால், அதாவது எந்த அறியும் வழியால், வந்தது?

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் பொருள்முதல்வாதியான பூதவாதி கண்கூட்டை மட்டுமே நம்புகிறான். அவன் வழியில் சென்றால் சவ்வைக் கைவிட வேண்டியதுதான். அதே காப்பியத்தின் பௌத்தத் துறவி அறவண அடிகள் காட்சியோடு கருதலையும் ஏற்கிறார். சவ்வு முதலில் அறியப்பட்டது கருதலால்தான். வெறும் நீரில் இட்ட கோழிச் சிவப்பணு பருத்துச் சிவப்பை இழக்கிறது. உட்கருவும் வெளிறிய உறையும் எஞ்சுகின்றன. நீரை உள்ளே விட்டு உப்பைத் தடுக்கும் ஒன்று இல்லாமல் இது நடவாது. 1925இல் கோர்ட்டர், கிரெண்டல் என்னும் ஆய்வாளர்கள் பாலூட்டிகளின் சிவப்பணுக் கொழுப்பை நீர்மேல் பரப்பி அளந்து, சவ்வு இரண்டடுக்குப் படலம் என்றனர். பறவை இரத்தம் அந்தக் கணக்குக்கு உதவாது. உட்கருவின் சவ்வும் சேர்ந்துவிடும்.

கோழிகளைத் தாக்கும் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசி பலித்ததா என்று பார்க்கும் சோதனையும் இப்படிப்பட்டதே. அந்த நோயின் வைரஸ் கோழிச் சிவப்பணுச் சவ்வின் சர்க்கரை முனைகளைப் பற்றிக்கொண்டு அணுக்களைப் பிணைக்கும். சோதனைத் தட்டின் குழியடியில் அவை வலைபோல் பரவி நிற்கும். எதிர்ப்பொருள் உள்ள சீரம் சேர்த்தால் பிணைப்பு தடைபடும். அணுக்கள் ஒரு சிவப்புப் பொட்டாகப் படியும். தட்டைச் சாய்த்தால் பொட்டு வழிந்து ஓடும். கண்ணில் படுவது பொட்டு. அறியப்படுவது சவ்வின் மேற்பரப்பு.

1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி சவ்வை இரண்டு கருங்கோடுகளாகக் காட்டியது. ஆயினும் அங்கே கருமையாகப் பதிந்தது ஆஸ்மியம் என்னும் உலோகம். கோடுகள் சவ்வின் விளிம்புகள் என்பது மீண்டும் கருதலே.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அங்கே 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், நொளம்பர் ஆட்சியில், சமணப் பள்ளி இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. சமணரின் தத்துவார்த்த சூத்திரம் புலன்வழி அறிவையே மறைமுக அறிவில் சேர்க்கிறது. உயிர் எதன் துணையுமின்றி அறிவதே அதற்கு நேர்க்காட்சி. இதன்படி கண்ணும் ஒரு கருவிதான். நுண்ணோக்கி அதன்முன் வைத்த இன்னொரு கருவி. சவ்வை நிலைநாட்டியது எந்த ஒரு காட்சியும் அன்று. நீர், கொழுப்பு, வைரஸ், உலோகம் ஆகிய நான்கு வழிகளும் ஒரே முடிவில் வந்து நின்றதுதான். பூதவாதியின் வாதம் இங்கே தோற்கிறது. சமணர் வகுத்த பிரிவே பொருந்துகிறது.