எலியின் உயிரும் பிள்ளையின் உயிரும்



காய்ச்சலுக்கு மருந்து தேட எலியையும் முயலையும் நோகச் செய்வது பாவமல்லவா என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். மிருகத்திடம் கொடுமை பழகியவன் மனிதனிடமும் கொடியவனாவான் என்று அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் எச்சரித்திருக்கிறார்.

முதலில் நடந்ததை அறிவோம். இன்புளுயன்சா கிருமி அடிக்கடி தன் மேற்சட்டையை மாற்றிக்கொள்ளும். அதனால் பழைய ஊசி புதுக் கிருமிக்குச் சரியாகப் பலிப்பதில்லை. 1993-ல் அமெரிக்க விஞ்ஞானிகள், கிருமிக்குள்ளே அதிகம் மாறாதிருக்கும் ஒரு புரதத்தைச் செய்யும் குறிப்பை மட்டும் டி.என்.ஏ. வடிவில் எலிகளுக்கு ஊசி போட்டார்கள். எலியின் உடலே அப்புரதத்தைச் செய்து, அதை எதிரியென்று கண்டு, எதிர்க்கப் பழகிற்று. பிறகு வேறு வகை இன்புளுயன்சாவைக் கொடுத்தபோதும் அவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. ஊசி போடாதவற்றில் பெரும்பாலானவை மாண்டன.

எலிக்குப் பலித்த அளவு மனிதருக்குப் பலிக்கவில்லை. இன்புளுயன்சாவுக்கு இவ்வகை ஊசி இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. ஆயினும் அதே வழியில் சென்று, அகமதாபாத்தின் சைடஸ் கம்பெனி கொரோனாவுக்கு சைகோவ்-டி மருந்தைச் செய்தது. எலி, கினியாப்பன்றி, முயல், குரங்கு ஆகியவற்றில் சோதித்து, பின்பு தாமாக முன்வந்த 28,000-க்கு மேற்பட்ட மனிதரிடம் சோதித்தார்கள். 2021 ஆகஸ்ட் 20-ல் அதற்கு அவசர அனுமதி கிடைத்தது. மனிதருக்கென அனுமதி பெற்ற முதல் டி.என்.ஏ. தடுப்பூசி அதுவே.

இனி நியாயம் என்ன? மிருகத்தில் சோதிக்கவேண்டாம் என்றால் ஆபத்து மறைந்துவிடாது; முதலில் ஊசி போட்டுக்கொள்ளும் மனிதன் தலையில் விழும். அந்த மனிதன் யார்? செல்வந்தன் அல்ல. ஏழை, கைதி, அநாதை. நாஜிகளின் சிறைமுகாம்களில் அப்படியே நடந்தது. அதனாலேயே 1947-ல் நூரம்பர்க் நீதிமன்றம், மனிதனைத் தொடுமுன் மிருகங்களிடம் கண்டறிந்த ஆதாரம் வேண்டும் என்று விதித்தது.

ஆகையால் 1992-ல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் இத்தகைய சோதனையை அனுமதிக்கிறது, ஆனால் அளவோடு. நோக்கம் மனித உயிரைக் காப்பதாயிருக்கவேண்டும். வீணாக வேதனை தரலாகாது. நமது நாட்டின் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும், தவிர்க்கக்கூடிய இடத்தில் தவிர்க்கவும், கூடியவரை மயக்க மருந்து கொடுக்கவும் சொல்லுகிறது. முகப்பூச்சு வகைகளை மிருகங்களில் சோதிப்பதை 2014-ல் நமது அரசு தடைசெய்தது. இது நியாயமே. அழகு வேறு, உயிர் வேறு.

நாட்றாம்பாளையத்தில் ஆடுமாடு வளர்க்கும் நமக்கு இது தூரத்துச் செய்தியல்ல. கோமாரிக்கு நம் மாடுகளுக்குப் போடும் ஊசியும் முன்பு வேறு மாடுகளில் சோதிக்கப்பட்டதே. ஆய்வுக்கூடத்து எலிக்காக இரங்கிவிட்டு, தாங்காத பாரம் ஏற்றிய எருதை அடிப்பவன் தன் மனச்சாட்சியைச் சோதிக்கட்டும்.

பிள்ளைக்கு ஊசி போட அஞ்சாதீர்கள். அதன் பின்னே வாயில்லாச் சீவன்களின் வேதனை உண்டு என்பதையும் மறவாதீர்கள். இன்றிரவு செபத்தில் அவற்றைப் படைத்த சர்வேசுரனுக்கு நன்றி சொல்லுங்கள்.

— உங்கள் பங்குக் குரு