மின்னலும் மந்தமும்



சர்வேசுரன் சிருஷ்டித்த ஜீவஜந்துக்களில் ஒன்றுக்கொன்று சற்றும் ஒவ்வாத இரண்டைப் பாருங்கள். ஒன்று மத்தியதரைக் கடலிலும் அதையடுத்த அட்லாண்டிக் கடலோரத்திலும் உள்ள புள்ளி மின்சாரத் திருக்கை. மற்றது பிரேசில் தேசத்துக் கீழ்க்கரைக் காடுகளில் மரக்கிளையில் தலைகீழாய்த் தொங்கும் ஸ்லோத் என்ற மிருகம். அதிலும் பிடரியில் கறுப்பு மயிருள்ள இனம்.

திருக்கை மணலில் புதைந்து கிடக்கும். மீன் கிட்ட வந்தால் பாய்ந்து வளைத்து, தன் உடலின் மின்சாரத்தால் அதிரச் செய்து விழுங்கும். அப்போஸ்தலர்கள் காலத்து உரோமை வைத்தியர் ஸ்கிரிபோனியுஸ் லார்குஸ், வாதத்தால் கால் நோகிறவர்கள் கடற்கரையில் உயிருள்ள மின்சாரத் திருக்கையை மிதித்து, முழங்கால்வரை மரத்துப்போகும்மட்டும் நிற்கவேண்டும் என்று எழுதிவைத்தார். (நீங்கள் பரீட்சிக்க வேண்டாம்.)

ஸ்லோத்துக்கோ ஓடவும் தெரியாது. தின்ற இலை செரிக்கவே பல நாள் செல்லும். மயிரில் பாசி படர்ந்து பச்சையாய்த் தெரிவதால் கழுகின் கண்ணுக்குத் தப்பும். ஆங்கிலத்திலும் போர்த்துக்கீசிலும் அதன் பெயருக்குச் சோம்பல் என்றே அர்த்தம். தலையான பாவங்களில் ஒன்றை ஒரு வாயில்லாப் பிராணியின் தலையில் சுமத்தியது நியாயமல்ல. சர்வேசுரன் அதற்கு விதித்த நடை அதுதான்.

ஆயினும் 1948-ல் ஏற்பட்ட சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செந்நிறப் பட்டியலில், அழியக்கூடிய நிலையிலுள்ளவை என்ற ஒரே வரிசையில் இவ்விரண்டும் நிற்கின்றன. ஆயுதம் உள்ளதும் இல்லாததும் ஒன்றாய் அங்கே வந்தது எப்படி? திருக்கையை யாரும் தேடிப் பிடிப்பதில்லை. அடிக்கடலை வாரும் இழுவலையில் வேறு மீன்களோடு வந்துவிடுகிறது. வலைக்கு மின்சாரம் உறைக்காது. காட்டை அழிக்கும் ரம்பத்துக்குப் பாசியின் பச்சையும் தெரியாது. போன உயிர்களுக்கு ஈடாகப் பெருகுவதற்கும் இவற்றால் சீக்கிரம் ஆகாது. திருக்கை நம் தாய்மாரைப்போல் ஒன்பது மாதமோ அதற்கு மேலோ வயிற்றில் சுமந்து குட்டி ஈனுகிறது. ஸ்லோத் ஒரு தடவைக்கு ஒரே குட்டி.

கழுகுக்கும் கடல்மீனுக்கும் எதிராகச் சர்வேசுரன் கொடுத்தது குறைவுபடவில்லை. மனுஷனுக்கு எதிராகவோ அவர் அவற்றுக்கு ஆயுதம் கொடுக்கவில்லை. நம்முடைய ஆதித் தகப்பனைச் சிங்காரவனத்தில் வைத்தபோது, பயிரிட மட்டுமா, காக்கவும் அல்லவோ வைத்தார்?

இப்போது அந்தக் காடு துண்டு துண்டாய்க் கிடக்கிறது. கிளைக்குக் கிளை எட்டாத இடத்தில் ஸ்லோத் தரையில் இறங்கி, முன்னங்கால் நகங்களை மண்ணில் ஊன்றி, வெயிலில் தன் உடம்பை இழுத்துக்கொண்டு, அடுத்த மரம் இருக்கும் திசையாய் ஊர்கிறது.