சங்கல்பத்தில் சொல்லும் காலம்



பூஜை தொடங்குமுன் நாம் சங்கல்பம் செய்து கொள்கிறோம். கல்பம், மன்வந்தரம், யுகம், வருஷம், மாதம், திதி என்று பெரிய காலத்திலிருந்து சிறிய காலத்துக்கு இறங்கி வந்து, இருக்கும் தேசத்தையும் சொல்லி, அதன் பிறகே வேண்டியதைக் கேட்கிறோம். கேட்பவன் தான் எங்கே நிற்கிறான் என்பதை முதலில் உணர வேண்டும் என்றுதான் பெரியோர் இப்படி வைத்தார்கள் போலும்.

முசஃபாவில் நிற்கும் நாம் எதை உணர வேண்டும்? இங்குள்ள பட்டறைகளுக்கும் கிடங்குகளுக்கும் அருகே வெட்டிய கால்வாயில் ஒரு திமிங்கிலத்தின் தாடை எலும்பும் தோள் எலும்பும் கிடைத்தன. அவை 5,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை என்றும், அப்போது அவ்விடம் ஆழமில்லாத கடற்கழி என்றும் 2011-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இன்று லாரிகள் ஓடும் பக்கத்தில் அன்று கடல் இருந்திருக்கிறது.

பூமியின் கணக்கில் அது நேற்று நடந்தது. டைனோசர்கள் வாழ்ந்த இடையுயிர் ஊழி ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அதை ட்ரையாசிக், ஜுராசிக், கிரிட்டேஷியஸ் என மூன்றாகப் பிரிக்கிறார்கள். நம் அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த டைனோசர் எலும்புகள் கிரிட்டேஷியஸ் காலத்தின் இறுதியைச் சேர்ந்தவை.

பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயதோ சுமார் 454 கோடி என்று ஒப்பிட்டுப் பெருமைப்படுவோர் நம்மில் உண்டு. ஆனால் புராணம் பாறையைச் சோதித்துச் சொன்ன கணக்கு அன்று. பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் நாளை அதை நம்மிடம் கேட்பார்கள். எண் பொருந்துகிறதா என்பதைவிட, அவ்வளவு பெரிய காலத்தை வாயால் சொல்லிவிட்டு நாம் எப்படி நடந்து கொள்கிறோம் என்பதே முக்கியம்.

டைனோசர் காலத்தில் டெத்திஸ் என்றொரு பெருங்கடல் இருந்தது. அரேபியாவின் விளிம்பும், பின்னாளில் இமயமாக உயர்ந்த பகுதியும் அதன் கரையோரம்தான். அந்தக் கடலின் சேற்றில் புதைந்த சுருள் ஓட்டு உயிரினமான அம்மோனைட், கல்லாகி, நேபாளத்தின் கண்டகி நதியில் சாளக்கிராமமாகக் கிடைக்கிறது. அதே கடலில் மிதந்த கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், சேற்றில் புதைந்து, வெப்பத்தில் மாறி, அபுதாபியின் எண்ணெயாயின. எண்ணெய் என்பது டைனோசர்கள் உருகியது என்று பிள்ளைகள் நினைப்பது சரியல்ல.

ஒரே கடல் தந்த இரண்டு பொருள்கள். ஒன்றுக்குத் தினமும் அபிஷேகம் செய்து, துளசி சாற்றி, பாட்டனிடமிருந்து பேரனுக்குக் கொடுக்கிறோம். மற்றொன்றை ஒரு மாலைப் பொழுதில் எரித்துவிட்டு மறந்து விடுகிறோம். இது நியாயமா?

எண்ணெயை எரிப்பதே பாவம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. 1962-இல் அபுதாபியிலிருந்து முதல் எண்ணெய்க் கப்பல் புறப்பட்டிராவிட்டால் நம்மில் பலர் இங்கு வந்திருக்கவே மாட்டோம். ஊரில் கட்டிய வீடும், தங்கையின் கல்யாணமும், பிள்ளைகளின் படிப்பும் அதிலிருந்து வந்தவையே. கடல் நீர் குடிநீராவதும் ஆஸ்பத்திரியில் விளக்கு எரிவதும் வீண் செலவல்ல.

ஆனால் கடன் வாங்கியவனுக்குக் கணக்கு உண்டு. தேவர், ரிஷிகள், பித்ருக்கள் ஆகியோருக்கு நாம் பட்டிருக்கும் கடன்களைச் சாஸ்திரம் சொல்கிறது. அந்தப் பழங்கடலுக்கும் ஒரு கடன் பட்டிருக்கிறோம் என்று சேர்த்துக் கொண்டால் தவறில்லை. அதற்குத் திருப்பிச் செலுத்த முடியாது. பத்துக் கோடி ஆண்டுகளை யாரும் மறுபடி உண்டாக்க முடியாது. நம்மால் ஆவதெல்லாம், எதற்காகச் செலவிட்டோம் என்று கூசாமல் சொல்லக்கூடிய அளவில் செலவிடுவதுதான்.

அடுத்த பஜனையன்று சங்கல்பம் சொல்லும்போது நினைத்துப் பார்ப்போம். ஆள் இல்லாமல், ஏ.சி. மட்டும் ஓட, நம் கார் கீழே நின்று கொண்டிருக்கிறதா? இருந்தால், இறங்கிப் போய் அதை நிறுத்திவிட்டு வந்து பூஜையில் உட்காருவோம்.