குருதியும் நடுவழியும்



தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் மீன் அறுப்பவர் கையில் கத்தி படுகிறது. சிறு காயமாயின் சில நிமிடங்களில் குருதி நிற்கிறது. நிறுத்தியவர் யார்? தெய்வமுமன்று, ஆன்மாவுமன்று. காரணங்கள் கூடின, காரியம் விளைந்தது.

வெட்டுண்ட குழாய் முதலில் சுருங்குகிறது. தட்டணுக்கள் ஒட்டித் திறந்த வாயை அடைக்கின்றன. உறைபொருள்கள் ஒன்றையொன்று எழுப்புகின்றன. முடிவில் திராம்பின் என்னும் பொருள், குருதியில் கரைந்துள்ள பைபிரினோஜனைப் பைபிரின் நூலாக்குகிறது. ஆலையில் பாவும் ஊடும் துணியாவதுபோல் அந்நூல்கள் வலையாகின்றன. புண் ஆறுங்கால் பிளாஸ்மின் அவ்வலையைக் கரைக்கிறது. பகவர் போதித்த சார்பிற்றோற்றத்தை நம் நரம்போடும் குருதியிலேயே காண்மின்!

உறையாவிடில் குருதி வடிந்து சாவு. இதயக் குழாயில் உறைந்தாலும் சாவு. உடலும் நடுவழியால் வாழ்கிறது.

கண்ணாடி விரியனின் நஞ்சு உறைபொருள்களை வீணே கிளறிச் செலவழித்துவிடுகிறது. பின்பு வேண்டும்போது குருதி உறையாது. வேட்கையும் இத்தகையதே: நம்மைக் கிளறிக் கிளறியே வெறுமையாக்கும்.

கடியுண்டால் மந்திரிப்போரிடம் பொழுது போக்காதீர், இறுகக் கட்டாதீர், கீறாதீர். உடனே மருத்துவமனை செல்க. அங்கே குருதியைத் தூய கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாது வைத்து உறைகிறதா எனச் சோதிப்பர்; வேண்டின் நஞ்சுமுறி மருந்து ஏற்றுவர்.

அம்மருந்துக்கு நஞ்சு தருவோர், வடநெம்மேலியில் 1978-இல் தோன்றிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார். நஞ்செடுத்தபின் பாம்புகளைக் கொல்லாது காட்டில் விடுகின்றனர். பழங்குடியினர் கையால் உயிர்கள் பிழைக்கின்றன. அறிவும் கருணையும் இணைந்த இதுவே தம்மம்.

எல்லா உயிர்களும் நலமுறுக!