12 கிராம் மண்

ராபர்ட் ஃபெர்லும் அன்னா-லிசா பாலும் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை அறிவியல் துறையைச் சேர்ந்தவர்கள். நிலவின் மண்ணில் செடி வளருமா என்று பார்த்துவிட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. மண் நாசாவிடம் இருந்தது. அப்பல்லோ பயணங்களில் அள்ளி வந்து, அரை நூற்றாண்டாகப் பூட்டிப் பாதுகாத்த மண். 11 ஆண்டுகளில் மூன்று முறை விண்ணப்பித்த பிறகு 12 கிராம் கொடுத்தார்கள். இரண்டு மூன்று தேக்கரண்டி அளவு. தையல்காரர் விரலில் மாட்டும் குப்பி போன்ற குழிகளில் செடிக்கு ஒரு கிராம் வீதம் போட்டு, அராபிடாப்சிஸ் விதையை ஊன்றினார்கள். அது கடுகு இனத்துச் சின்னச் செடி. விதைகள் எல்லாம் முளைத்தன. ஆனால் சில நாளில் வேர் குறுகி, சில செடிகளின் இலை கருஞ்சிவப்பாகி, உப்பு நிலத்தில் தவிக்கும் செடிபோல ஆயின. 2022 மே மாதம் கட்டுரை வெளிவந்தது.

இந்தக் கதையை என் அக்கா மகளிடம் நான் சொன்னது, உண்மையில், அவள் மனதை மாற்றத்தான். பி.எஸ்சி. தாவரவியல் கடைசி ஆண்டு படிக்கிறாள். விண்வெளி உயிரியல்தான் தன் வழி என்று முடிவு செய்திருந்தாள். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவன் என்பதால் என்னிடம் பேசச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பதினோரு வருடக் காத்திருப்பைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பாள் என்று நினைத்தேன். "கடைசியில குடுத்துட்டாங்கல்ல மாமா" என்றாள்.

அவள் அப்பாவின் கேள்வி ஒன்றே ஒன்று: வேலை எங்கே இருக்கிறது? அதைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை. சொந்தக் காசைப் போட்டுப் படிக்க வைக்கிறவர் கேட்கவேண்டிய கேள்விதான் அது. நேர்மையான பதில், அந்தப் பெயரில் வேலை அநேகமாக இல்லை என்பது. விண்வெளிக்கென்றே திருவனந்தபுரத்தில் நடத்தும் ஐஐஎஸ்டியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சேரும் படிப்புகள் பொறியியலும் இயற்பியலும்தான்.

ஆனால் 2025 ஜூன் கடைசியில் சுபான்ஷு சுக்லா ஆக்சியம்-4 பயணத்தில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போனபோது அவருடன் போன இந்தியச் சோதனைகளைப் பாருங்கள். பச்சைப் பயறும் வெந்தயமும் முளைவிட வைத்தது தார்வாட் வேளாண் பல்கலைக்கழகமும் அங்குள்ள ஐஐடியும். தசை செல்கள் எப்படி மெலிகின்றன என்று கேட்டது பெங்களூருவின் இன்ஸ்டெம் ஆய்வு நிறுவனம். நீர்க்கரடியை அனுப்பியது இந்திய அறிவியல் கழகம். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத, எட்டுக்கால் பிராணி. பெங்களூரு வளாகத்துப் பாசியில் அகப்பட்ட இந்த இனம், புற ஊதாக்கதிரைத் தாங்கும் விதத்தைப் பற்றி அங்குள்ளவர்கள் 2020-லேயே எழுதியிருந்தார்கள். அப்போது அவர்கள் மனதில் ராக்கெட் இருந்ததோ என்னவோ, கட்டுரை முழுக்க நீர்க்கரடிதான் இருந்தது. இவர்கள் யாரும் விண்வெளி என்று பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் அல்லர். வேரையோ தசையையோ பாசியையோ கரைத்துக் குடித்த ஒருவருக்கு, ஒரு நாள், மேலே ஒரு பெட்டியளவு இடம் கிடைக்கிறது. இந்தத் தொழிலில் நுழையும் வாசல் இன்றைக்கு அதுதான் என்று நினைக்கிறேன். இனி மாறலாம். 2024-இல் இஸ்ரோவும் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் இதற்காக ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. 2035-க்குள் சொந்த விண்வெளி நிலையம் அமைப்பது இலக்கு என்கிறார்கள்.

2024 டிசம்பர் 30 இரவு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பிஎஸ்எல்வி-சி60 ராக்கெட்டின் கடைசி அடுக்கில், மூடிய பெட்டிக்குள், எட்டுத் தட்டைப்பயறு விதைகள் இருந்தன. நான்கு நாளில் முளைவிட்டன. பிறகு இலையும் வந்தது. செய்தியைப் படித்துக்காட்டினேன். "எட்டுப் பயறு முளைக்கிறதுக்கு ராக்கெட்டா? ஈரத்துணியில முடிஞ்சு வச்சா விடியறதுக்குள்ள முளைச்சிரும்" என்றார் என் அம்மா.

அந்த ஈரத்துணி இல்லாமல் மேலே போன எட்டுக்கும் பொருளில்லை. விண்வெளிக்குப் போகும் உயிரியல் சோதனைக்குப் பெரும்பாலும் இரட்டை ஒன்று தரையில் நடக்கும். அதே விதை, அதே பெட்டி, அதே ஒளி. மேலே வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் கீழேயும் ஏற்றுவார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் முடிவு என்று எழுதுகிறார்கள். மேலே இருப்பது கொஞ்ச நாள். அதுவும் வேறொருவர் கையில்: சுக்லா முளைகளைப் படமெடுத்து உறைபெட்டியில் வைத்தார், விதையை அனுப்பியவர்கள் கர்நாடகத்தில் இருந்தார்கள். ஆராய்ச்சியாளரின் ஆயுள் கழிவது கீழே உள்ள பெட்டியோடு. ஜெர்மனியின் ப்ரெமன் நகரத்தில் 146 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று இருக்கிறது. அதற்குள் சோதனைப் பெட்டியை மேலிருந்து விழவிட்டால் 4.7 விநாடி எடையின்மை கிடைக்கும். அந்த நாலே முக்கால் விநாடிக்காக மாதக்கணக்கில் தயாராகிறவர்கள் இருக்கிறார்கள்.

ராக்கெட்டை எடுத்துவிட்டால் இதில் என்ன மிஞ்சும்? நிறைய மிஞ்சும். வேர் ஏன் கீழே போகிறது என்ற கேள்வி ராக்கெட்டைவிட மிகப் பழையது. 1806-இல் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற ஆங்கிலேயர், ஓடை நீரில் சுழலும் சக்கரத்தில் அவரை விதைகளைக் கட்டிவைத்தார். சக்கரம் வேகமாகச் சுழலச் சுழல, வேர்கள் வெளிப்பக்கம் நீண்டன, தண்டுகள் நடுவை நோக்கி வளர்ந்தன. வேருக்குத் திசை காட்டுவது எடைதான் என்பதை ஓடைத் தண்ணீரை வைத்தே காட்டிவிட்டார். வேர் நுனியின் செல்களுக்குள் மாவு மணிகள் அடியில் போய்த் தங்குகின்றன. செடி அதைக் கொண்டு கீழ்த்திசையை அறிகிறது. என் மாணவர்களுக்கு நுண்ணோக்கியில் இதைக் காட்டும் நாள் எனக்கு இன்றும் பிடித்த நாள். அந்த மணிகள் எங்கும் தங்காமல் மிதந்தால் செடி என்ன செய்யும் என்று கேட்கிறபோது மட்டும்தான் பூமியை விட்டுப் போகவேண்டியிருக்கிறது.

போனவற்றில் ஒன்றைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. இருட்டில் மேல்நோக்கி வளரும் ஒரு பாசி. 1997-இல் எஸ்டிஎஸ்-87 விண்வெளிப் பயணத்தில் போனபோது அது தாறுமாறாக வளரவில்லை, சுருள் சுருளாக, ஒரே பக்கம் சுற்றி வளர்ந்தது. கல்பனா சாவ்லாவின் முதல் பயணம் அது. ஒருமுறை கண்டதை நம்பக் கூடாது என்று மறுபடி அனுப்பினார்கள். அது 2003-இல் கொலம்பியா விண்கலம். பிப்ரவரி 1-ஆம் தேதி டெக்சாஸ் வானில் அது சிதறி, கல்பனா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். சிதறல்களைத் தேடிப் பொறுக்கியபோது பாசிப் பெட்டிகள் சில கிடைத்தன. சீ. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுக்களை வைத்த குப்பிகளும் கிடைத்தன. ஏப்ரலில் திறந்தால் உயிரோடு நெளிந்தன. போன புழுக்களின் சந்ததிகள். பாசியின் முடிவுகள் இரண்டு பயணங்களையும் சேர்த்து 2005-இல் வெளியாயின. அந்தப் பெட்டியைத் திறந்து பாசி இழைகளை எண்ணியவர்கள் எப்படி எண்ணினார்கள் என்று யோசிப்பேன். ஆனால் எண்ணாமல் விட்டிருந்தால் அது இன்னும் மோசம் என்றும் தோன்றுகிறது.

இதையும் அவளிடம் சொன்னேன். இந்த முறை பேசாமல் கேட்டாள்.

காத்திருப்பதைப் பற்றி உயர்வாகப் பேசுவது எளிது. ஃபெர்லும் பாலும் காத்திருந்த காலத்தில் அவர்களுக்கு வேறு ஆராய்ச்சிகள் இருந்தன, மாதச் சம்பளம் இருந்தது. (ஃபெர்ல் 2024 ஆகஸ்டில் தானே ப்ளூ ஆரிஜின் விண்கலத்தில் ஏறி, பறக்கும்போதே தன் செடிகளைச் சோதித்தும் பார்த்துவிட்டார்.) இங்கே முதுகலை இரண்டு வருடம், பிறகு ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், அதுவும் முடிந்தால் முப்பதை நெருங்குகிற வயது. அதற்குள் வீட்டில் கல்யாணப் பேச்சு வந்திருக்கும், தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் வந்திருக்கும். ஆசை எவ்வளவு பெரியது என்பதைவிட, இந்த வருடங்களைக் குடும்பம் தாங்குமா என்பதில்தான் பலருடைய படிப்பு நின்றுபோகிறது. அதை மறைத்துவிட்டு 'கனவு காணுங்கள்' என்று மேடையில் முழங்கும் ஆட்கள் எனக்கு ஒப்புவதில்லை.

ஆகவே நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான்: உன் செடி கடைசிவரை மேலே போகாவிட்டாலும் இந்த வேரைப் பார்த்துக்கொண்டிருப்பாயா? உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, எம்.எஸ்சி.யில் தாவர உடலியல் எங்கே நன்றாக நடத்துகிறார்கள் என்று கேட்டு வந்தாள். அப்பாவிடமும் அவளே பேசினாள்.

"மேல போக வாய்ப்புக் கிடைக்கலன்னா விதைக் கம்பெனிக்குப் போறேன்ப்பா. அங்கயும் வேர்தான்."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா மாமாவ எதுக்குக் கூப்பிடப்போறேன்" என்றார் மச்சான்.